சவுக்கு மேட்டு வழி

புகழ்வேந்தன் தன் நிலத்தில் முதன்முதலாகச் சைக்கிள்காரர்களைப் பார்த்தபோது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணை ஆற்றை ஒட்டி அவனுக்குக் கரும்பு. கரும்புக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு, அதன்மேல் சவுக்கு. மாடே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அந்த மேட்டில், தலையில் கவசமும் முழங்காலில் பட்டையும் கட்டிய ஒருவன் தடித்த டயர் சைக்கிளில் சறுக்கிக்கொண்டு வந்தான். கீழே கரும்போரத்தில் விழுந்தான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினான்.

"கவருமெண்டு தார் ரோடு போட்டு வச்சிருக்குது. இவனுங்க மேட்டுல ஏறி வுழுந்துனு கீறானுங்க," என்று அன்றைக்கு வீட்டில் மனைவி கண்ணகியிடம் சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடுத்த மழைக்காலம் வரை தாங்கவில்லை. ஒருவனாக வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் புதுச்சேரியிலிருந்து கார்களின் முதுகில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து ஏரிக்கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து ஆற்றங்கரை, ஆற்றங்கரையிலிருந்து சவுக்கு மேடு, மேட்டிலிருந்து ஒரே சறுக்கலாகப் புகழ்வேந்தனின் கரும்புக்குள் இறங்கி, வரப்பு வழியாகத் தார்ச்சாலை. வரப்பு அவனுடையது. தண்ணீர் கட்டியிருக்கும் நாளில் பத்துப் பதினைந்து டயர் ஏறினால் வரப்பு என்னத்துக்கு ஆகும்? உடைந்து, கட்டிய தண்ணீரெல்லாம் பக்கத்துக் கொல்லைக்குப் போயிற்று. புதிதாக நட்ட கரும்புக் கரணைகளின் மேல் டயர் ஏறி முளை நசுங்கிக் கிடந்தது.

இந்தக் கூட்டத்தை நடத்துகிறவன் விமல். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். தேன் மாதிரிப் பேசுவான். புகழ்வேந்தனை எங்கே பார்த்தாலும் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றி, "நல்லாருக்கீங்களாண்ணே?" என்று கேட்காமல் போகமாட்டான். ஆனால் வரப்பைச் சரிசெய்ய ஒருநாளும் மண்வெட்டியைத் தொட்டதில்லை.

ஏரிக்கரையில் ஒரு பலகை நட்டிருப்பதைப் புகழ்வேந்தன் பிற்பாடுதான் பார்த்தான். படம் போட்டு, வழி வரைந்து, போனில் பணம் கட்டுவதற்கான கட்டம் ஒட்டியிருந்தது. டிக்கெட் எடுக்காதவர்களுக்கு அனுமதி இல்லை என்று கீழே கொட்டை எழுத்து. வரைந்திருந்த வழியில் அவனுடைய மேடும் இருந்தது, கரும்பும் இருந்தது. மேட்டுச் சறுக்கலுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு விமலை மறித்துக்கொண்டான்.

"என் நெலத்துல பூந்து போறதுக்கு நீ யாரக் கேட்டு டிக்கெட்டு குடுக்கற?"

"அண்ணே, பர்மிஷன் இல்லாம நா செய்வேனா? தமிழ்க்குமரன் சார் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாரே!" என்று விமல் போனில் எதையோ விரித்துக் காட்டினான்.

தமிழ்க்குமரன் புகழ்வேந்தனின் அண்ணன். பேங்கில் வேலை, புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. நிலத்தில் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் அப்பா செத்தபிறகு பாகம் பிரிக்கவில்லை, பட்டா இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது. புகழ்வேந்தன் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டான்.

"சும்மா கெடக்குற மேடுதானடா? படிச்ச பசங்க. ஒடம்புக்கு நல்லது செய்றாங்க. வந்து மரியாதையாக் கேட்டாங்க, குடுத்தேன்," என்றார் அண்ணன்.

"மேட்டுலேர்ந்து எறங்கி எங்க போவானுங்க? என் கரும்புக்குள்ளதான போறானுங்க?"

"வரப்புல போயிட்டுப் போறாங்க. உன் கரும்பையா தின்றாங்க?"

கரும்பை நட்டவனிடம் கேட்கவில்லை, தண்ணீர் கட்டுகிறவனிடம் கேட்கவில்லை. லாஸ்பேட்டையில் ஏசி அறையில் இருக்கிறவரிடம் கேட்டிருக்கிறார்கள். அதுதான் அவனைக் குடைந்தது.

தாலுகா ஆபீசுக்குப் போனான். மேட்டில் எது பட்டா நிலம், எது ஆற்றுப் புறம்போக்கு என்று அளந்து கல் நடச் சொல்லிக் கேட்டான். கூட்டுப் பட்டா என்றால் பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வரவேண்டும் என்றார்கள். அண்ணன் வரமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வந்து தானே வழியை அடைக்க ஆரம்பித்தான். முதலில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டான். அது ஓரமாக இழுத்துத் தள்ளப்பட்டிருந்தது. 'வழி இல்லை' என்று எழுதிய தகரத்தை மரத்தில் அடித்தான். மறுவாரம் அது மண்ணில் குப்புறக் கிடந்தது. பிறகு இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவில் முள்கம்பி இழுத்துக் கட்டி, தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று வெள்ளை யூரியா சாக்கு ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டான். அதையும் கத்தரித்து, சாக்கை மடித்து மரத்தடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மடித்து வைத்திருந்ததுதான் அவனுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

இதெல்லாம் ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டு போயிருப்பான். கரியமாணிக்கத்தில் கண்ணகியின் அக்கா வீட்டுக்கு ஒரு காதுகுத்துக்குப் போனபோதுதான் வேறொன்று நடந்தது. அக்கா மகள் புவனேஸ்வரி கண்ணகியைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போனைக் காட்டினாள்.

"சித்தி, இது நம்ப மோட்டார் கொட்டாதான? இது நீயா சித்தி?"

சைக்கிள்காரன் ஒருவன் தலைக்கவசத்தில் கேமரா வைத்து எடுத்த படம். மேடு சரிகிறது, சவுக்கு மரங்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன, கரும்பு வருகிறது, மோட்டார் கொட்டகை வருகிறது. கொட்டகைத் தொட்டியில் பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலையில் சொம்பால் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண். சட்டென்று திரும்பி, இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு கொட்டகைச் சுவரோடு ஒட்டுகிறாள். படம் எடுத்தவன் சிரிப்பது கேட்கிறது. பிறகு வரப்பு, தார்ச்சாலை. அதைப் பார்த்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர் என்று கீழே போட்டிருந்தது.

கண்ணகி அன்றைக்குப் பந்தியில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் புகழ்வேந்தனிடம் சொன்னாள். அழவில்லை. அதற்குப்பிறகு மோட்டார் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போனாலும் வெயில் ஏறுவதற்குள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள்.

புகழ்வேந்தன் விமலைத் தேடிப் போய் ஏரிக்கரையில் பிடித்தான். கூட இருந்தவர்கள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நா அந்த வீடியோ பாத்தேன். முகமே சரியாத் தெரியலண்ணே. ஒரு செகண்டுதான். எடுத்துடச் சொல்றேன்," என்றான் விமல், குரலைத் தாழ்த்தி.

"ஒரு செகண்டா?"

"தெரிஞ்சா செய்வாங்க? விடுங்கண்ணே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். இதற்குத்தான் சிரித்தார்களா, வேறு எதற்காவதா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு அவனோடு வீடுவரை வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முள்கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான். சறுக்கல் முடிகிற இடத்தில், வேகம் கூடி வருகிற இடத்தில், எதிரெதிரே நின்ற இரண்டு மரங்களில் கம்பியை இழுத்து முறுக்கினான். தன் மார்பு உயரம். அந்தப் பழைய சாக்கு இன்னும் மரத்தடியிலேயே கிடந்தது. எடுத்து உதறிக் கம்பியில் மாட்டினான். நாலு தப்படி கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தான். வெள்ளையாக, பளிச்சென்று தெரிந்தது. பார்ப்பார்கள், நிறுத்துவார்கள், கத்தரிப்பார்கள், சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி ஏறிப் போய்ச் சாக்கை உருவி எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒருத்தன் விழுந்து எழுந்திருக்கட்டும், ஒரு பல்லாவது போகட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்துக்கொண்டான். அதற்குமேல் நினைக்க அவன் மனசை விடவில்லை.

மார்கழி மாதம். ஞாயிறு விடிந்தபோது ஆற்றுப்பக்கம் பனி மூடிக் கிடந்தது. புகழ்வேந்தன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். காது மட்டும் மேட்டிலேயே இருந்தது. சைக்கிள் செயின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சவுக்கு மரம் அதிர்ந்த மாதிரி ஒரு சத்தம். கத்தல் எதுவும் கேட்கவில்லை. ஒரு சக்கரம் மட்டும் எங்கேயோ சுற்றிக்கொண்டே இருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஒரு பெண். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். மல்லாந்து கிடந்தாள். கழுத்தில் கம்பி இழுத்திருந்தது. மூச்சு வாய் வழியாக வராமல் கழுத்து வழியாக நுரையும் ரத்தமுமாக வந்தது. கண் திறந்திருந்தது, அவனையே பார்த்தது. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கழுத்தில் வைத்தான். அழுத்தினால் மூச்சு நிற்கிறது, விட்டால் ரத்தம் வருகிறது. என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, யாரும் இல்லியா, ஓடியாங்களேன்," என்று கத்தினான்.

மற்றவர்கள் மேலே சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி வந்தார்கள். விமல் அந்தப் பெண்ணைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், புகழ்வேந்தனைப் பார்த்தான். பையிலிருந்து கம்பி வெட்டும் கத்தரியை எடுத்து இரண்டு பக்கமும் கம்பியை நறுக்கிச் சுருட்டி ஆற்றோரப் புதருக்குள் வீசிவிட்டுத்தான் பெண்ணின் பக்கம் குனிந்தான்.

சைக்கிள் ஏற்றி வந்த வேனில் அவளைக் கிடத்தினார்கள். தலை புகழ்வேந்தனின் மடியில் இருந்தது, துண்டு அவன் கையில். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவள் அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ்தான் அந்த விரல்களைப் பிரித்தாள்.

அவள் பெயர் சரண்யா என்பதே அவனுக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண் இல்லை, டிக்கெட் எடுத்து வந்தவளும் இல்லை. கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்கு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. அம்மா காசம்மாள் தவளக்குப்பம் கூட்டுரோட்டில் மீன் விற்கிறாள். வார நாளில் சரண்யா ஒரு துணிக்கடையில் நின்றாள், ஞாயிறுகளில் விமலிடம் கூலிக்கு ஓட்டினாள். மற்றவர்களுக்கு முன்னால் தனியாகப் போய், வழியில் மரம் விழுந்திருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வருவது அவள் வேலை. சைக்கிள்கூட விமலுடையது.

விமல் அவனை மருந்துக்கடைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, நடந்தது நடந்துடுச்சி. கம்பி யாரு கட்னதுன்னு நா கேக்கல. மாடு உள்ள வராம இருக்கறதுக்கு எப்பவோ கட்டின பழைய கம்பி, பனியில தெரியல, ஸ்லிப் ஆயிட்டா. இத்தான் நீங்க சொல்லணும், நானும் இத்தான் சொல்லுவேன்."

புகழ்வேந்தன் விரல்களை மடக்கிப் பார்த்தான். கையில் ரத்தம் காய்ந்து இழுத்துப் பிடித்தது.

"பெருசாச்சின்னா உங்களுக்கு ஜெயிலு. எனக்கும் கஷ்டம். ஏரிக்கரை, ஆத்தங்கரைக்கெல்லாம் கவர்மெண்டு பர்மிஷன் இன்னும் வரல. டிக்கெட் எடுத்தவங்களுக்குத்தான் இன்சூரன்ஸ், இவளுக்கு இல்ல. நீங்களும் நானும் வாயத் தொறக்காம இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டார். விமல் சொல்லிக்கொடுத்தபடியே புகழ்வேந்தன் சொன்னான். அவர் எழுதிக்கொண்டு, "பாத்துப் போகக்கூடாதா இதுங்க?" என்று சலித்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்பே காசம்மாள் வந்துவிட்டிருந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருந்தாள், முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. யார் தூக்கி வந்தது என்று கேட்டிருக்கிறாள், யாரோ இவனைக் காட்டியிருக்கிறார்கள். நேராக வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீ மட்டும் இல்லன்னா எம்பொண்ணு அங்கியே போயிருப்பாளாம்பா. டாக்டரே சொன்னாரு. நீ புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும். அந்தக் கடலம்மா ஒனக்கு ஒரு கொறையும் வைக்கமாட்டா."

அந்தக் கையை எப்படி உருவுவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அண்ணனுக்கு விமல் மூலமாகச் செய்தி போயிருந்தது. வீடு திரும்பும் வழியிலேயே போன் வந்தது. "வாய மூடிக்கினு இரு. பர்மிஷன்ல என் கையெழுத்து கீது. நீ ஒளறினா எனக்கும் சேர்த்துச் சிக்கல்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கண்ணகி வாசலில் நின்றிருந்தாள். ஊருக்குள் விஷயம் வந்துவிட்டிருந்தது. அவன் குளித்து வந்து உட்கார்ந்தான். சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"மாட்டுக்குக் கட்ன கம்பின்னு சொல்றாங்க. மேட்டுல நம்ப மாடு எப்ப ஏறிச்சி?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"நேத்து மத்தியானம் சாக்கு ஒண்ண எடுத்தாந்து மாட்டுக்கொட்டாயில போட்டியே. அது அந்த மேட்டுச் சாக்குதான?"

"உனக்காகத்தான் கட்னேன்," என்றான் புகழ்வேந்தன். "உன்ன அப்பிடிப் படம் புடிச்சிட்டு..."

"எனக்காகவா?" அவள் குரல் உயரவே இல்லை. "என்னக் கேட்டியா? கம்பி கட்டப்போறேன், ஒரு உசுரு போனாலும் போவும், கட்டட்டுமான்னு என்னக் கேட்டியா? அவனுங்க உன்னக் கேக்கலன்னு குதிச்சியே, நீ யாரக் கேட்ட?"

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சரண்யா சாகவில்லை. ஆனால் மூச்சுக்குழாய் பாதி அறுந்திருந்தது. கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், குரல் நரம்பும் போய்விட்டது என்றார்கள். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றியபிறகு, காசம்மாள் யாரிடமோ எண் வாங்கிப் புகழ்வேந்தனுக்குப் போன் செய்தாள். "ஒன்னியப் பாக்கணும்னு கைய காட்டுதுப்பா. ஒருதரம் வந்துட்டுப் போ," என்றாள். விமல் முதலில் இரண்டொரு தடவை வந்து பணம் கொடுத்தானாம், இப்போது போன் எடுப்பதில்லையாம். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள்.

போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் தேடினான். கரும்புக்கு உரம், மோட்டார் ரிப்பேர். ஒருநாள் காலையில் கண்ணகி அவனுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். அவன் கிளம்பினான்.

வார்டில் காசம்மாள் மகளுக்கு மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சித்தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். அவனுடைய தலைப்பாகைத் துண்டு. துவைத்து மடித்திருந்தது.

"ரத்தம் முழுசாப் போவல. ஆனா ஒன் துண்டு, குடுக்கணும்னு வச்சினு இருந்தேன்."

சரண்யா தலையணையில் சாய்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அவனைப் பார்த்துக் கை கூப்பினாள். பிறகு ஒரு விரலைக் கழுத்துக் குழாயின் வாயில் வைத்து அடைத்தாள். அப்படி அடைத்தால் கொஞ்சம் பேச வருகிறது என்று காசம்மாள் சொன்னாள். குரல் என்று சொல்ல முடியாது, காற்றுதான். அவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"கம்பி தெரியலண்ணே," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "முன்ன ஒருவாட்டி... கட்டியிருந்தாங்க. சாக்கு இருந்திச்சி. நின்னுட்டேன்."

"சாக்கை மடிச்சி வச்சது நீயா?"

தலையசைத்தாள். விரலை மறுபடி வைத்தாள். "வெட்டச் சொன்னாங்க. பாவம், யாரு சாக்கோன்னு... மடிச்சி வச்சேன். இந்தவாட்டி சாக்கு இருந்தா... நின்னிருப்பேன்."

வேறு யாரையும் குறை சொல்லும் எண்ணத்தில் அவள் அதைச் சொல்லவில்லை. தான் கவனமில்லாமல் ஓட்டியவள் இல்லை, அதை நேரில் பார்த்தவன் நம்பவேண்டும் என்றுதான் இத்தனை நாளும் கையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது புகழ்வேந்தனுக்குப் புரிந்தது. புரிந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சாக்கு இருந்திச்சிம்மா. மாட்டிட்டு நாந்தான் திரும்ப எடுத்துட்டேன். கம்பியும் நாந்தான் கட்னேன்."

காசம்மாள் புரியாமல் சிரித்தாள். "இன்னாப்பா சொல்ற?"

அவன் மறுபடியும் சொன்னான். வரப்பு, டிக்கெட், கண்ணகியைப் படம் எடுத்தது எல்லாம் சொல்லத்தான் நினைத்திருந்தான். எதுவும் வரவில்லை. கம்பியும் சாக்கும் மட்டும்தான் வந்தது.

காசம்மாள் துண்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அவன் முகத்தில் அடித்தாள், மறுபடியும் அடித்தாள். துண்டால் அடித்தால் என்ன வலிக்கும்? அவளுக்கே அது தெரிந்து, அதைக் கீழே போட்டுவிட்டுக் கையால் அடித்தாள். "ஒங்கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினேனடா! ஒன் காலு தூசியக் கும்புட்டேனடா, பாவி!" என்று அவள் அலறியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்சுகள் வந்து இழுத்தார்கள். அவன் நகரவில்லை. சரண்யா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். விரலைக் குழாயில் வைக்கவே இல்லை.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போனான். உட்கார்ந்திருந்த எஸ்.ஐ.க்கு எரிச்சல்தான் வந்தது. "விபத்துன்னு முடிச்சாச்சு. இப்ப வந்து எழுப்பற? குடிச்சிருக்கியா?" என்றார். அவன் கடைசிவரை எழுந்து போகாததால் வேறு வழியில்லாமல் எழுதினார். மறுநாள் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குக் கூட்டிப்போனார்கள். எந்த மரம், எந்த உயரம் என்று காட்டினான். ஆற்றோரப் புதரில் தேடிக் கம்பியை எடுத்தார்கள்.

காலாப்பட்டு ஜெயிலில் இருந்தபோது கண்ணகி பார்க்க வந்தாள். வெளியில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். விமல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும், மற்றவர்களுக்கு அடிபடக்கூடாது என்றுதான் கம்பியை வெட்டி எறிந்ததாகவும் சொல்லிவிட்டான். விமலிடம் வேலை பார்த்தவள் என்பதற்குச் சரண்யாவிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை, பொழுதுபோக்காகக் கூட வந்தவள் என்று எழுதிக்கொண்டார்கள். அண்ணன் வக்கீல் வைத்துப் பாகம் பிரிக்கச் சொல்லிவிட்டார். மேடு அவர் பங்கு.

"எந்தப் பக்கம் வேணும்னு கேட்டாங்க, கரும்புப் பக்கம்னு சொல்லிட்டேன்," என்றாள். "உன்னக் கேக்கல."

"நல்லது," என்றான்.

ஜாமீனில் வந்தபிறகு வக்கீல் ஒருவர் அவனுக்கு ஒரு வழி சொன்னார். "சாக்கு தொங்கிச்சி, காத்துல விழுந்திருக்கும்னு சொல்லு. கவனக்குறைவுன்னு போயிடும், சின்னத் தண்டனை. ஆஸ்பத்திரியில நீ சொன்னத அந்தப் பொண்ணால கோர்ட்ல நின்னு எடுத்துச் சொல்லக்கூட முடியாது, அம்மா சொல்றத ஆத்திரத்துல சொல்றதுன்னு தள்ளிடலாம்." வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று புகழ்வேந்தன் எழுந்து வந்துவிட்டான்.

காசம்மாள் வீட்டுக்குக் கண்ணகி மட்டும் ஒருமுறை போனாள். கரும்பு வெட்டிய பணத்தை அப்படியே கொண்டுபோயிருந்தாள். காசம்மாள் வாசலிலேயே மறித்து, "எடுத்துக்கினு போ. வாங்கினா நா ஒங்கள வுட்ட மாதிரி ஆயிடும்," என்றாள். சரண்யா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வெளியே வரவில்லை. துணிக்கடையில் பேச முடியாதவளை வைத்துக்கொள்ளவில்லை, இப்போது அம்மாவுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. தேதிக்குத் தேதி புகழ்வேந்தன் போய் நிற்கிறான். மற்ற நாளில் பேச்சில்லாமல் கரும்பில் கிடக்கிறான். விமலின் ஆட்கள் மேட்டில் மூங்கில் வேலி போட்டு, சறுக்கலை வளைத்து, ஆற்றுப்பக்கமாகவே தார்ச்சாலைக்கு வழி விட்டிருக்கிறார்கள். நில உரிமையாளர் அனுமதியுடன் என்று பலகையில் தமிழ்க்குமரன் பெயரும் இருக்கிறது. கட்டணம் ஏறியிருக்கிறது என்று கேள்வி.

போன ஞாயிறு கண்ணகி மடை திருப்பிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் சைக்கிளில் இறங்கியது. புதிதாக வந்தவர்கள் போலிருக்கிறது. ஒருத்தி கையை ஆட்டி, "குட்மார்னிங் ஆண்ட்டி!" என்று கத்தினாள். கண்ணகி மண்வெட்டியை ஊன்றி நின்று, அவர்களுக்கு முன்னால் தனியாக வழி பார்த்துப் போகிறவள் யார் என்று மட்டும் பார்த்தாள். பிறகு குனிந்து வரப்பில் மண்ணை வெட்டிப் போட ஆரம்பித்தாள்.